மூணு மைல் தள்ளி

மீன் கிடக்கிற இடத்தைக் கட்டின பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லக் கூடாது. தூத்துக்குடிக் கடலில் அது எழுதாத சட்டம். ஆன்றோ அந்த விஷயத்தில் எமகாதகன். ஜிபிஎஸ்ஸில் குறித்தால் எவனாவது பார்த்துவிடுவான் என்று, மாதா கோயில் கோபுரத்தையும் அனல்மின் நிலையத்துப் புகைக்குழாயையும் கண்ணாலேயே நேர்பார்த்துப் போய் நிற்பான். வேற மீன்பிடிப் போட்டோட தலை தெரிஞ்சால் போதும், நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவான்.

அங்கே அடியில் கிடந்தது உலகப்போர்க் காலத்து விமானம். சங்கு குளிக்க இறங்கினபோது ஒருதரம் கண்ணால் பார்த்திருக்கிறான். ஓட்டை உடைசல் பூராவும் களவா மீன். உள்ளே இடுப்பு வாரோடு ஓர் இருக்கை, அதன் கீழே ஒரு பூட்ஸ். சிலுவை போட்டுக்கொண்டு மேலே வந்தவன், மறுநாளே அங்கே தூண்டிலை இறக்கினான். பக்தி ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம்!

இப்படி இருக்கையில்தான் ஏரல் பக்கத்திலிருந்து சிவசுப்பிரமணியன் வந்து சேர்ந்தார். எண்பது தாண்டிய, வயக்காட்டுச் சம்சாரி.

"எங்கப்பா அந்த பிளேன்ல வயர்லெஸ் ஆப்பரேட்டர், தம்பி. நாலு பேரு போனாங்க. ரெண்டு வெள்ளைக்காரங்களைச் சங்குக்குளி வள்ளத்துக்காரங்க காப்பாத்திட்டாங்க. பைலட் உடம்பு கரை ஒதுங்கிட்டு. எங்கப்பாவை மட்டும் காணோம். நான் அப்ப வயித்துல. 'ஆத்துத்தண்ணியில நீந்தி வளந்த மனுசன், எங்கனயாவது கரையேறியிருப்பாரு'ன்னு எங்கம்மா சாகுற மட்டும் தாலியைக் கழட்டலை. ஒரு திதி குடுக்க விடலை. அவரு விழுந்த இடத்துல எள்ளும் தண்ணியும் விடணும். ஒனக்குத்தான் இந்தக் கடல் அத்துப்படின்னு சொன்னாங்க."

ஆன்றோவுக்கு மீன்தான் முதலில் ஞாபகம் வந்தது. அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் நாளைக்குப் பத்து போட்டு வந்து மொய்க்குமே! "கூட்டிட்டுப் போறேன்யா" என்றான். சொல்லும்போதே மனசுக்குள் வேற இடம் பார்த்துவிட்டான்.

மறுநாள் காலையில், அடியில் வெறும் மணல்தரையாகக் கிடக்கும் ஓரிடத்தில் என்ஜினை நிறுத்தி, "இங்கனதான்யா" என்றான்.

பெரியவர் எள்ளும் தண்ணியும் விட்டார். "அப்பா" என்று ஒருதரம் கூப்பிட்டார். ஆயுசில் யாரையும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிறகு மடியிலிருந்து மஞ்சக்கயிற்றோடு அம்மாவின் தாலியை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து, இன்னொரு மீன்காரன் சுடலைராஜின் போட்டு பக்கத்தில் வந்தது. "ஏலே ஆன்றோ, அங்கன மீனு கெடக்காலே?" என்று கத்தினான் அவன்.

"ஐயா, பொறுங்க" என்று சொல்ல வாய் வந்தது. சுடலைராஜ் காதில் விழுந்துவிடுமே என்று ஆன்றோ முழுங்கிக்கொண்டான். தாலி தண்ணிக்குள் போய்விட்டது. சீ, இவனெல்லாம் ஒரு மனுசனா!

பெரியவர் திரும்பி அவன் ரெண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பெத்த பிள்ளைக்கு முடியாததை நீ செஞ்சு குடுத்துட்ட, ராசா. நீ நல்லா இருப்ப."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. வெட்கம் உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரிந்தது. கையை உருவிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான்.

"ஐயா, அது இங்கன இல்ல."

"என்ன சொல்லுத?"

"மூணு மைல் தள்ளிக் கெடக்கு. உள்ள ஒரு பூட்ஸைக்கூட என் கண்ணால பாத்தேன். மீனுக்காக மறைச்சிட்டேன். என்னை அடிங்கய்யா."

அவர் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. "அங்கன விடு" என்றார்.

நேர்பார்த்துப் போய் ஆன்றோ நங்கூரம் போட்டான். பெரியவர் மடியைத் தடவினார். எள்ளு தீர்ந்துபோயிருந்தது. தாலியும் இல்லை. குனிந்து வெறுங்கையைத் தண்ணிக்குள் விட்டு, அப்படியே வைத்திருந்தார்.

"எங்கம்மா அறுபது வருசம் காத்துக் கெடந்தா, தம்பி" என்றார் கடைசியில். "இம்புட்டுப் பக்கத்துல கொண்டாந்துட்டு, ரெண்டு பேருக்கும் நடுவுல மூணு மைலை வச்சிட்டியே."

சுடலைராஜின் போட்டு நேரே அவர்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. ஆன்றோ நங்கூரத்தைத் தூக்கவில்லை.