டேப்பில் எழுதிய நேரம்

அடுத்தவர் சமையலறையில் மூக்கை நுழைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். உணவு ஆய்வாளர் வேலை. இருபத்துமூன்று வருடமாக ஓட்டல், பேக்கரி, மாணவர் விடுதி என்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். தோள்பையில் கூர்முனை வைத்த தெர்மாமீட்டர் ஒன்று எப்போதும் இருக்கும். வெந்த இறைச்சியின் நடுவில் குத்தினால் எழுபத்தைந்து டிகிரியாவது காட்ட வேண்டும். சமைத்தது எதுவானாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தால் குப்பைக்குப் போக வேண்டும். இந்த இரண்டு விஷயத்திலும் நான் யாருக்கும் முகதாட்சண்யம் காட்டியதில்லை. எங்கள் ஆபீஸ் ஜீப் ஓட்டுநர், "மேடம் உள்ள நுழைஞ்சா சட்டி பானையெல்லாம் எழுந்து நின்னு வணக்கம் சொல்லும்" என்று கிண்டலடிப்பார்.

வீட்டிலும் அதே அதிகாரிதான். ஃப்ரிட்ஜுக்குள் போகிற ஒவ்வொரு டப்பாவிலும் வெள்ளை டேப் ஒட்டி, தேதியும் நேரமும் எழுத வேண்டும். மகனுடைய மதியச் சாப்பாட்டு டப்பாவையும் அப்படித்தான் பள்ளிக்கு அனுப்பினேன். அங்கே அவனுக்கு 'எக்ஸ்பைரி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வந்து சொல்லிச் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். டேப் ஒட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. அவன் அப்பா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவன் படித்து முடித்து, லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சேர்ந்தான்.

போன வருடம் எனக்கு ஐம்பது வயது முடிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. சமையலறைப் பக்கமே வரக்கூடாது என்று என்னை விரட்டிவிட்டான். உனக்கு என்னடா சமைக்கத் தெரியும் என்று கேட்டேன்.

"பார்பிக்யூ சிக்கன் ரோல். ரொம்ப ஈஸிம்மா. ஒரு மணிக்குச் சாப்பிடறோம், அவ்வளவுதான்."

பதினோரு மணிக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஒரு பள்ளி விடுதியில் பிள்ளைகளுக்கு வாந்தி. அவனிடம் சொல்லிவிட்டு ஓடினேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், வராந்தா முழுக்க வாளிகள். முந்தின நாள் சமைத்த கறியைச் சூடு காட்டிப் போட்டிருக்கிறார்கள். மாதிரி எடுத்து, சமையலறைக்குச் சீல் வைத்துக் கிளம்பும்போது மணி நாலு. ஜீப்பில் ஏறியதும் அவனுக்குப் போன் செய்து, அரை மணியில் வந்துவிடுவேன் என்றேன்.

நாலரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் இல்லை. மேஜையில் ஒரு தட்டு, அதில் ஃபாயில் சுற்றிய இரண்டு ரோல்கள். என் மூக்கில் இன்னும் அந்த வராந்தா நாற்றம் இருந்தது. ஒரு மணிச் சாப்பாடு, இப்போது நாலரை, மூன்றரை மணி நேரம். தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை, கணக்கு முடிந்துவிட்டது. தட்டைத் தூக்கி அப்படியே குப்பைக்கூடையில் சாய்த்தேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஐஸ்கிரீமோடு வந்தான். கவிழ்த்து வைத்த தட்டைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"சாப்பிட்டியாம்மா? எப்படி இருந்துச்சு?"

ஓட்டல் முதலாளிகளின் முகத்துக்கு நேரே, இது சாப்பாடா விஷமா என்று கேட்டிருக்கிறேன். என் பிள்ளை முகத்தைப் பார்த்து ஓர் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"நல்லா இருந்துச்சுடா" என்றேன்.

ஐஸ்கிரீம் கவரைப் போடுவதற்காகக் குப்பைக்கூடையைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நான் மடமடவென்று பேச ஆரம்பித்தேன். மூன்றரை மணி நேரம், விடுதி, முப்பத்தெட்டுப் பிள்ளைகள், கிருமிக்கு அம்மா பிள்ளை தெரியாது என்றெல்லாம். அவன் குரலை உயர்த்தவே இல்லை.

"சிக்கனை ஃப்ரிட்ஜ்லதான்மா வச்சிருந்தேன். நீ கிளம்பிட்டேன்னு போன் பண்ணப்புறம்தான் எடுத்துச் சூடு பண்ணிச் சுருட்டினேன். டேப்கூட ஒட்டியிருந்தேனே, பாக்கலையா?"

அவன் அறைக்குள் போன பிறகு கூடையில் கைவிட்டு எடுத்தேன். ஃபாயிலில் வெள்ளை டேப். 'அம்மா, 4.15' என்று அவன் கையெழுத்து. ரோல் இன்னும் சூடாக இருந்தது. இருபத்துமூன்று வருடத்தில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்காமல் யாருடைய சாப்பாட்டையும் நான் கொட்டியதில்லை. என் வீட்டு மேஜையில், தோளில் தெர்மாமீட்டரை மாட்டிக்கொண்டே, கையால்கூடத் தொட்டுப் பார்க்காமல் கொட்டியிருக்கிறேன்.

அவன் சண்டை போட்டிருந்தால் தேவலை. போடவில்லை. சமைப்பதை விட்டுவிட்டான். வேலை முடிந்து வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தான். கேட்டால், சாப்பிட்டேன்மா என்பான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வாடகைக்குக் குடியிருப்பவர் காட்டுகிற மரியாதை. மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வரும், அதோடு சரி. ஊருக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்துப் பழகிய வாய். நாளாக நாளாக, அவன் மறந்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

போன மாதம் அவனுக்கு மாற்றல் வந்தது. நாலு மணி நேரப் பயணம், கம்பெனியே வீடு தருகிறது. முதலில் ஒரு கைப்பெட்டியோடு போய் வேலையில் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை நண்பனின் வேனில் வந்து சாமான்களை எடுத்துப் போவதாகச் சொன்னான். அன்றைக்கு நான் அந்த ரோலைச் செய்து, அவனை எதிரே உட்கார வைத்து, அவன் சாப்பிடும்போது அந்த வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். எல்லோரும் அவனைப் போலவே ஈஸி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எலும்பில்லாத தொடைக்கறியில் உப்பும் மிளகுத்தூளும் பிசறி, வாணலியில் மூடி வைத்து வேகவிட்டேன். தெர்மாமீட்டர் எழுபத்தெட்டு காட்டியது. சூடு ஆறுவதற்குள் இரண்டு முள்கரண்டியால் நார் நாராகப் பிய்த்து, பாட்டில் பார்பிக்யூ சாஸை ஊற்றிப் புரட்டினேன். புகை வாசனையும் புளிப்பும் தித்திப்புமாக நன்றாகத்தான் இருந்தது. முட்டைக்கோஸையும் வெங்காயத்தையும் மெல்லிசாக அரிந்து தயிரில் கலந்தேன். அதுவரைக்கும் ஈஸிதான்.

ஒன்று சுருட்டிப் பழகலாம் என்று பாக்கெட்டில் வரும் சப்பாத்தி மாதிரியான ரொட்டியை எடுத்தேன். மடித்த இடத்திலேயே கிழிந்தது. இரண்டாவதில் ஆசை மிகுந்து அள்ளி வைத்தேன், பின்பக்கம் வழியாக எல்லாம் வெளியே வந்துவிட்டது. ரொட்டியை முதலில் கல்லில் போட்டு வாட்ட வேண்டும் என்பது மூன்றாவதில்தான் புரிந்தது. கறியை ஓரமாக ஒரு பிடி மட்டும் வைத்து, கீழ்ப்பக்கத்தை ஏற்றி, இரண்டு பக்கத்தையும் உள்ளே தள்ளி, இறுக்கிச் சுருட்டி, வாய் மூடிய பக்கம் கல்லில் படும்படி வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. ஐந்தாவதுதான் ரோலாக நின்றது.

கிழிந்ததையெல்லாம் கூடையில் போடும்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இதே கூடையில் கிழிந்த ரொட்டிகள் கிடந்தன. எனக்கு இரண்டு நல்ல ரோல் வைப்பதற்காக அவன் எத்தனை கிழித்தானோ. அடுப்பை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே அழுதேன்.

பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்றவன் இரண்டரைக்குப் போன் செய்து, பக்கத்தில் வந்துவிட்டோம் என்றான். ஃப்ரிட்ஜிலிருந்து கறியை எடுத்து நன்றாகச் சூடு செய்து, இரண்டு சுருட்டி, ஃபாயில் சுற்றினேன். டேப்பை ஒட்டி 2.50 என்று எழுதிய பிறகுதான் என்ன செய்தேன் என்று பார்த்தேன். கிழித்தால் ஃபாயிலும் கிழியும் என்று விட்டுவிட்டேன்.

அவனும் நண்பனும் வந்த வேகத்தில் பெட்டிகளைத் தூக்கினார்கள். எங்கள் சந்தில் ஒரு வண்டி நின்றால் இன்னொரு வண்டி போக முடியாது. அதற்குள் பின்னால் இரண்டு கார்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. ஐந்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

"வண்டி வழியை மறிச்சு நிக்குதும்மா. கட்டிக் குடு, போற வழில சாப்பிடறேன்."

பையில் போட்டுக் கொடுத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தான். டேப்பைக் கண்டதும் லேசாகச் சிரித்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"ரெண்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டுடு" என்றேன்.

சரிம்மா என்று தலையாட்டிவிட்டு ஷூ மாட்டப் போனான். நான் ஜன்னலுக்குப் போய், வேன் சந்து முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறரை மணிக்கு வாசல் விளக்கைப் போடப் போனேன். செருப்பு அலமாரி மேல் அந்தப் பை இருந்தது. ஷூவுக்கு முடிச்சுப் போடும்போது வைத்திருக்கிறான். மறந்து வைத்தானா, வேண்டாமென்று வைத்தானா, எனக்குத் தெரியாது. எடுத்து வந்து மேஜையில் வைத்து, எதிரே உட்கார்ந்தேன்.

ஏழேகாலுக்குப் போன் வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டதாகவும், வீடு நல்ல காற்றோட்டமாக இருப்பதாகவும் சொன்னான். கேட்காமல் இருந்திருக்கலாம். மறந்துட்டேன்மா என்று அவன் வாயால் கேட்டால் மனசு ஆறும் என்று தோன்றியது.

"ரோல் சாப்பிட்டியாடா?"

மேஜையில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"சாப்பிட்டேன்மா. நல்லா இருந்துச்சு."

பொய்யைப் பிடிப்பதுதான் என் தொழில். சாட்சி கண்ணெதிரே மேஜையில் இருக்கிறது. ஆனால் அன்று நான் சொன்னது என்னைக் காப்பாற்றிக்கொள்ள. இவன் சொன்னது என் மனம் நோகக்கூடாது என்று. இந்த வித்தியாசம் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"என்னம்மா?"

பின்னால் நண்பன் எதற்கோ அவனைக் கூப்பிடுவது கேட்டது.

"ஒண்ணுமில்லப்பா. போய் வேலையைப் பாரு."

போனை வைத்துவிட்டு ஃபாயிலைப் பிரித்தேன். டேப்பில் 2.50. கடிகாரத்தில் 7.20. ரோல் சில்லிட்டு, ரொட்டி ஊறிப்போய்க் கையோடு ஒட்டியது. தோள்பை நாற்காலியில் தொங்கியது, தெர்மாமீட்டரை நான் எடுக்கவில்லை. உட்கார்ந்து இரண்டையும் சாப்பிட்டு முடித்தேன். எப்படி இருந்துச்சு என்று கேட்பதற்கு எதிரே யாரும் இல்லை.