பொட்டாசியக் கதவுக்கு எண்ணெய் ஊற்றலாமா?

1.
ஒளிப்பானேன், இந்தக் கதை ஒரு உவமைக்காகப் பிறந்தது. நரம்பணுக்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். நரம்பணுவைச் சுற்றியிருக்கும் சவ்வே கொழுப்பால் ஆனதாம். அதில் பொட்டாசியம் வெளியேறச் சில கதவுகள். சவ்வின் உட்பக்கத்துக் கொழுப்பு ஒன்று வந்து பிடித்துக்கொண்டால்தான் அவை சரியாகத் திறக்கும். பொட்டாசியம் வெளியே போனால் நரம்பு அடங்கும், போகாவிட்டால் கண்டபடி துள்ளும். எனக்கு உடனே திருப்பூரும் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷினும் அதன் ஊசிகளுக்குப் போடும் எண்ணெயும் ஞாபகத்துக்கு வந்தன. விடுவேனா?

2.
முதல் தொடக்கம்: "நரம்பு ஒரு நிட்டிங் மெஷின், கொழுப்பு அதற்கு எண்ணெய்."

அழகாக இருந்தது. (வினையே அதுதான்.) இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டும்: ஜோதிகா. கேட்க, அவிநாசி ரோட்டு நிட்டிங் கம்பெனியில் மெஷின் பழுதுபார்க்கும் ஃபிட்டராக இருக்கும் உமர், அவன் மனைவி ரைசா. அவர்களுடைய மூன்று மாதக் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே வலிப்பு. அந்தக் கதவுகளில் பிறவிக் கோளாறு. ஏற்கனவே கொடுத்துவரும் மருந்தையே ஜோதிகா மறுபடியும் எழுதிக் கொடுத்தார், கூடவே என் வாக்கியத்தையும் சொல்லி அனுப்பினார்.

3.
உமரை நான் சரியாக யோசிக்கவில்லை. மெஷினில் ஊசி திரும்பத் திரும்ப உடைந்தால் ஃபிட்டர் முதலில் எண்ணெயைத்தான் கூட்டுவான். வீட்டுக்கு வந்தவன் மருந்தைத் தள்ளிவைத்துவிட்டு நெய்யை உருக்கினான்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்றாள் ரைசா.

"எண்ணெ பத்தலீன்னு டாக்டரம்மாவே சொன்னாங்கல்ல. நெய்யக் குடுத்தா சரியாயிரும். இந்த மருந்தக் குடிச்சா புள்ள எந்நேரமும் தூங்குது."

"மருந்த நிறுத்துனா மறுபடி ஃபிட்ஸ் வரும்னும் அவங்கதானுங்க சொன்னாங்க!"

"மெஷினப் பத்தி எனக்கா தெரியாது?"

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கதாபாத்திரங்கள் எழுதுகிறவன் பேச்சைக் கேட்பதில்லை என்று பலரும் பெருமையாகச் சொல்கிறார்கள். என்னுடையவன் கேட்டுத் தொலைத்துவிட்டான்.)

4.
பயந்துபோய் இரண்டாம் பகுதிக்குத் திரும்பி ஓடினேன். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு ஜோதிகாவை வேறு மாதிரி பேச வைத்தேன்: "கொழுப்பு இருக்குங்க உமர். கதவுல அது பிடிக்கிற இடந்தான் சரியில்ல. நெய் அங்க போய்ச் சேராது. மருந்து வேற வழியில நரம்ப அடக்கும், நிறுத்தாதீங்க."

சப்பையான பேச்சுதான், ஆனால் உண்மை. என்ன பிரயோஜனம்? உமர் எப்போதோ ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிவிட்டான். ஜோதிகா காலி நாற்காலியிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

5.
முடிவு ஒன்று: ரைசா கரண்டியைத் தட்டிவிட, நெய் முழுக்க...

முடிவு இரண்டு: குழந்தையின் கை ஒரு பக்கமாக இழுத்து... இல்லை. இதை எழுத மாட்டேன். இவ்வளவு நேரம் விளையாடியது போதும்.

உமர் கரண்டியோடு குழந்தையிடம் குனிகிறான். ரைசா மருந்துக் குப்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம், வாசிக்கிற உங்களைப் பார்க்கிறாள்.

"டாக்டரம்மா போன எடுக்கலீங்க. அவங்க ரெண்டாவதா சொன்னத நீங்க கேட்டீங்கல்ல? இவருகிட்டச் சொல்லுங்க."

நான் சொன்னால் நம்ப மாட்டான், எண்ணெய்க் கதை விட்டவனே நான்தான். நீங்கள் சொல்லுங்கள். அழகாக வேண்டாம், சத்தமாகச் சொன்னால் போதும்.