இரண்டாவது குழாய்

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில், பன்னிரண்டு வாரக் கர்ப்பிணியான நெவெனா ஸ்லாவோவாவின் வயிற்றில் ஊசி செலுத்தி நஞ்சுக்கொடியிலிருந்து சிறிது திசு எடுத்தார்கள்.

அவளுக்கு வயது முப்பத்தொன்பது. இதற்கு முன் இரண்டு கருக்கள் தங்கவில்லை. இந்த முறை ஸ்கேனில் சிசுவின் பிடரியில் நீர் கூடுதலாகத் தெரிந்தது. குரோமோசோம் கோளாறு இருக்குமோ என்று சந்தேகம். விரைவுப் பரிசோதனை இரண்டே நாளில் பதில் சொல்லும். முழுப் பரிசோதனைக்கு இரண்டு வாரம்.

திசுவோடு தாயின் இரத்தமும் ஒரு குழாயில் போக வேண்டும். எடுத்தது குழந்தையின் திசுவா, தாயுடையதா என்பதை அதை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். நர்ஸ் ஸ்டான்கா இரத்தம் எடுக்க ஊசியோடு வந்தபோது நெவெனாவின் உதடு வெளுத்திருந்தது.

"இன்னைக்கு ஒரு குத்து போதும்மா. நாளைக்குக் கூப்பிடுறேன், வந்து குடு."

"மறந்துடுவீங்க."

"நானா? எம் புருஷன் பண்ணின தப்புல ஒண்ணுகூட மறந்ததில்ல."

மறுநாள் ஸ்டான்காவுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. நெவெனாவை யாரும் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் ஹாஜியேவா விரைவுப் பரிசோதனையின் முடிவைத் தொலைபேசியில் சொன்னார்: பெண் குழந்தை, கோளாறு எதுவும் இல்லை. அறிக்கையின் அடியில் 'தாயின் இரத்தம் வரவில்லை, ஒப்பிடப்படவில்லை' என்றிருந்த வரியை அவர் படிக்கவில்லை.

"பொண்ணா? அப்ப உன்ன மாதிரியேதான் இருக்கும்," என்றான் கணவன் கலோயன். "பிடிவாதமும் சேர்த்து."

"உன் மூக்கு வராம இருந்தா சரி."

அவன் பேருந்து ஓட்டுநர். வெள்ளிக்கிழமை பணிமனையில் எல்லோருக்கும் சாக்லேட் நீட்டினான்.

"பொறக்கறதுக்கு முன்னாடியேவா? ஆகாதுப்பா," என்றார் ஒரு மூத்த ஓட்டுநர். சொல்லிவிட்டு இரண்டு எடுத்துக்கொண்டார்.

மார்ச் 28 அன்று முழு முடிவு வந்தது. ஆண் குழந்தை. பதினெட்டாம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. உயிரோடு பிறந்தாலும் பெரும்பாலும் நாள்கணக்கில்தான் என்றார் டாக்டர்.

"அப்ப அந்தப் பொண்ணு யாரு?" என்று நெவெனா கேட்டாள்.

விடுபட்ட இரத்தத்தை எடுக்க டாக்டர் ஸ்டான்காவைக் கூப்பிட்டார். நெவெனா தானாகவே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள். ஸ்டான்கா வெகுநேரம் நரம்பைத் தேடினாள்.

"கொஞ்சம் வலிக்கும்மா."

"எடுங்க."

அடுத்த நாள் ஒப்பிட்டார்கள். முதல் அறிக்கையிலிருந்த பெண் நெவெனாதான். எடுத்த திசுவில் விரைவுப் பரிசோதனைக்குப் போன துணுக்கு மட்டும் அவளுடைய கருப்பைச் சுவரிலிருந்து வந்தது.

ஏப்ரல் 5 அன்று, பதினைந்து வாரம் கடந்த நிலையில், மருத்துவக் குழுவின் அனுமதியோடு கர்ப்பம் கலைக்கப்பட்டது.