கைகட்டி நின்ற எனெலெசி

எங்கள் ஊரின் ஜனத்தொகை, கைக்குழந்தைகளையும் சேர்த்து, இருநூற்று அறுபது. போன வருஷம் ஆகஸ்டில் இந்த ஊரில் இரட்சிக்கப்பட்டவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். சுவிசேஷகர் கெஃபாசியின் நோட்டில் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த ஊரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கைகளும் அதில் சேர்த்தி.

இதற்காக எங்களைக் குறை சொல்லக் கூடாது. அமெரிக்காவிலிருந்து இரண்டு விமானம் மாறி, பிளான்டயர் நகரத்திலிருந்து அரை நாள் புழுதியைக் குடித்துக்கொண்டு, வருஷா வருஷம் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். பந்து விளையாடும் மைதானத்தில் வெயிலில் நின்று, மூக்குத் தோல் உரிந்து, கண் கலங்கி, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்தவர்கள் கேட்டு எப்படி இல்லை என்பது? உயர்த்தினோம். நானே ஐந்து வருஷத்தில் ஐந்து முறை இரட்சிக்கப்பட்டவள்.

மூன்றாம் வருஷத்தில் ஊர்த்தலைவர் கும்வெம்பே ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார். எல்லோரும் முதல் நாளே தூக்கிவிட்டால் மிச்ச இரண்டு நாளும் விருந்தாளிகளின் முகம் வாடிவிடும் என்று, முதல் நாள் மேட்டுப் பக்கம், இரண்டாம் நாள் ஆற்றோரம், மூன்றாம் நாள் மற்றவர்கள் என முறை வைத்தார். நல்ல ஏற்பாடு. சண்டை சச்சரவு இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

எனெலெசி ஒருத்திதான் தூக்கமாட்டாள்.

எனெலெசி என் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரு புல்வேலி, அதில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை நான் போட்டதாக அவள் சொல்வாள், ஆடு போட்டது என்று நான் சொல்வேன். அவள் புருஷன் ஜோகன்னஸ்பர்க் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சுகம் விசாரித்து மட்டும் ஆள் அனுப்புவான். இவள் ஒரு பெட்ரோல் டிரம்மையும் செப்புக் குழாயையும் வைத்துக் கச்சாசு காய்ச்சினாள். குடித்தால் நெஞ்சு எரியும், இரண்டாவது குவளைக்கு எரிவதே தெரியாது, அப்படிச் சாராயம். மகள் தியாமிகே பரீட்சையில் நன்றாகத் தேறி, தூரத்து உயர்நிலைப் பள்ளியில் இடம் வாங்கியவள். அவளுக்கான விடுதிக் கட்டணம், சோப்பு, நோட்டு எல்லாம் அந்த டிரம்மிலிருந்துதான் சொட்டுச் சொட்டாக இறங்கின.

கூட்டத்துக்கு மட்டும் எனெலெசி தவறாமல் வருவாள். மாமரத்தடியில் கைகட்டி நின்று கடைசி வரை கேட்பாள். கை தூக்கும் நேரம் வந்தால் கட்டிய கை கட்டியபடியே இருக்கும்.

"தூக்கினா தேஞ்சா போயிடும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ தூக்கின கையாலதானே மறுநாள் என் வெண்டைக்காயைப் பறிச்சே" என்றாள்.

நாலு காய். அதற்கு மேல் இல்லை.

இந்த வருஷம் வண்டி வந்து நின்றதும் பெரிய போதகர் வெர்னன் இறங்கினார். எழுபதைத் தாண்டிய மனிதர், காய்ந்த நாணல் மாதிரி உயரம். தண்ணீர் கூடக் குடிக்காமல் பையைத் திறந்து ஐந்து புகைப்படங்களை எடுத்து கெஃபாசியிடம் நீட்டினார். வருஷத்துக்கு ஒன்றாக எங்கள் கூட்டம். எல்லாவற்றிலும் கைகள், கைகள். எல்லாவற்றிலும் முன் வரிசையில் நான், பல்லெல்லாம் தெரிய. எல்லாவற்றிலும் பின்னால் மாமரத்தடியில் ஒருத்தி, கைகட்டிக்கொண்டு.

"இந்த அம்மா உயிரோட இருக்காங்களான்னு கேக்கிறார்" என்று கெஃபாசி தலைவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

தலைவருக்கு வியர்த்துவிட்டது. விருந்தாளிகளைக் கோழிக்கறியின் முன்னால் உட்காரவைத்துவிட்டு நேராக எனெலெசி வீட்டுக்கு நடந்தார். எனக்கும் அந்த நேரம் பார்த்து உப்பு தீர்ந்துபோயிருந்தது.

"எனெலெசி, ஊர் மானம் உன் கையில இருக்கு" என்றார் தலைவர்.

"என் கையில அகப்பைதான் இருக்கு, தலைவரே."

"ஒரே ஒரு தடவை. ஈ ஓட்டுற மாதிரி இப்படித் தூக்கி இப்படி இறக்கிடு. பெரியவர் நிம்மதியா ஊர் போய்ச் சேருவார்."

"தூக்கிட்டா இதை என்ன பண்றது?" டிரம்மைக் காட்டினாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். அதுவா கை தூக்கப் போகுது? வியாழக்கிழமைக்கு நானே ரெண்டு பாட்டில் சொல்லியிருக்கேனே."

அவள் மறுபடி அகப்பையால் கலக்க ஆரம்பித்தாள். தலைவர் என்னைப் பார்த்தார். நான் உப்பைப் பார்த்தேன்.

மறுநாள் மதியம் வெர்னனே வந்துவிட்டார், மொழிபெயர்க்க கெஃபாசியோடு. டிரம் கொதித்துக்கொண்டிருந்தது, குழாயிலிருந்து சரக்கு சொட்டிக்கொண்டிருந்தது. கெஃபாசி தன் உடம்பால் அதை மறைத்து நிற்கப் பார்த்தான். அவன் ஒல்லி, டிரம் பெரிது. எனெலெசி எதையும் மறைக்கவில்லை. கவிழ்த்த உரலைக் காட்டி உட்காரச் சொன்னாள், எங்கள் வழக்கப்படி மண்டியிட்டு ஒரு குவளை சோளக்கஞ்சி கொடுத்தாள். நான் வேலியின் இந்தப் பக்கம் துவரை உடைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டை இருக்கும் இடத்தில்தான் எனக்கு வெளிச்சம் நன்றாக வரும்.

வெர்னன் பேசினார், கெஃபாசி சொன்னான்: "உங்க படத்தைச் சமையலறைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்காராம். அஞ்சு வருஷமா தினமும் காலையில காபி குடிக்கிறதுக்கு முந்தி உங்களுக்காக ஜெபம் பண்றாராம். அவர் சம்சாரத்துக்கு உங்க மேல கொஞ்சம் பொறாமையாம்."

"என்ன பேர் சொல்லி ஜெபம் பண்ணுவாராம்?"

"பேர் தெரியாதாம். கைகட்டி நிக்கிற அம்மான்னு சொல்லுவாராம். கடவுளுக்கு ஆள் தெரியும்னு விட்டுட்டாராம்."

எனெலெசி சிரித்தாள். புருஷன் ஜோகன்னஸ்பர்க் வண்டி ஏறிப்போன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நான் ஞாயித்துக்கிழமை கையைத் தூக்கிட்டு, திங்கக்கிழமை மறுபடியும் இதுக்கு அடியில நெருப்பு வச்சா என்ன ஆகும்?"

"அக்கா, அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றான் கெஃபாசி.

"உன்னைக் கேக்கல, தம்பி. அவரைக் கேளு."

கேட்டான். கிழவர் டிரம்மைப் பார்த்தார், விடுமுறைக்கு வந்திருந்த தியாமிகேயின் பள்ளிச் சீருடை கயிற்றில் காய்வதைப் பார்த்தார். பிறகு இரண்டே வார்த்தை சொன்னார். கெஃபாசியின் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன சொன்னார்?"

"அப்போ தூக்காதீங்கன்னு சொல்றார்."

"அப்படியேவா?"

"அப்படியேதான், அக்கா."

எனெலெசி கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கஞ்சியைக் குடித்து முடித்து, குவளையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் நான் ஓட்டை வழியாகவே உள்ளே போய்விட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

"ரெண்டாவது வருஷமே நான் நம்பிட்டேன்" என்றாள்.

"பின்னே தூக்கறதுக்கென்ன?"

"தூக்கினா இதை விடணும். விட்டா தியாமிகே படிப்பை நிறுத்திட்டு வீட்டுக்கே வந்துடணும். வந்தா அடுத்த வருஷமே எவனையாவது கட்டிக்கிட்டு என்னை மாதிரி நிப்பா. உங்களுக்கெல்லாம் கை லேசு. எனக்கு அப்படியா?"

நான் வந்த ஓட்டை வழியாகவே திரும்பிப் போனேன், வெண்டைக்காயில் கை வைக்காமல். இதை நான் அடிக்கடி எழுத நேராது.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது. மாதர் சங்கத்துப் பெண்கள் வெள்ளை ரவிக்கையும் கறுப்புப் பாவாடையுமாக வரிசையாக உட்கார்ந்து பாடினார்கள். மாமரத்தடி காலியாக இருந்தது. தலைவர் அதைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டார். படத்தில் இந்த முறை கைகட்டிய ஆள் இருக்காது. வெர்னனுக்கு நிம்மதி இல்லை. பிரசங்கத்தின் நடுவில் அவர் கண் அந்த மரத்தடிக்கே போய்ப் போய் வந்தது. கடைசியில், அந்த மரத்தடியைப் பார்த்தபடியே கையை உயர்த்துங்கள் என்று கேட்டார்.

தூக்க ஆரம்பித்தோம். என் கை பாதி தூரம் ஏறியிருந்தது. அப்போது பின்னாலிருந்து வைசன் என்ற தகர வேலைக்காரன், "அடேய், எனெலெசி சரக்கை இங்கேயே கொண்டாந்துட்டாடா" என்றான். அவள் குழாயை வளைத்துக் கொடுத்தவனே அவன்தான், முதல் வாடிக்கையாளனும் அவன்தான். எல்லோரும் திரும்பினோம்.

மேட்டுப் பாதையில் அவள் வந்துகொண்டிருந்தாள். தலையில் அந்த டிரம், அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பின்னால் தியாமிகே குழாயையும் கோடாலியையும் சுமந்து வந்தாள். கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. மேடைக்கு முன்னால் வந்து டிரம்மைத் தொப்பென்று போட்டாள். மண் தெறித்தது, சாராய வாடை முன் வரிசை முழுக்க அடித்தது. மகளிடமிருந்து கோடாலியை வாங்கி ஓங்கினாள். முதல் அடி நழுவிவிட்டது. இரண்டாவது அடியில் தகரம் கிழிந்தது. மூன்றாவது, நான்காவது. ஏழு வரை நான் எண்ணினேன், பிறகு எனக்கும் கண் மறைத்தது, புழுதிதான்.

கோடாலியைக் கீழே வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். வலது கையை மெதுவாக, தோள் உயரம், தலை உயரம், அதற்கும் மேலே தூக்கினாள்.

மைதானத்தில் மற்ற கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. யாரும் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் எங்கள் கைகளை வைத்துக்கொண்டிருக்க எங்களுக்கே கூச்சமாக இருந்தது. என் கை மடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒரே ஒரு கை நின்றது.

வெர்னன் மேடை விளிம்பில் உட்கார்ந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து ஆடினார். கொக்கு சேற்றில் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு ஆட்டம். அதைப் பார்த்து மாதர் சங்கம் குலவையிட்டது, அந்தக் குலவை ஆற்றுக்கு அக்கரைத் தேயிலைத் தோட்டம் வரை கேட்டதாம். கெஃபாசி நோட்டைத் திறந்து பேனாவை வைத்துக்கொண்டு முழித்தான். "எத்தனைன்னு போட?" என்று கேட்டான்.

"ஒண்ணுன்னு போடு" என்றார் கிழவர், எங்கள் மொழியிலேயே. அந்த ஒரு வார்த்தையை எப்போது கற்றாரோ.

வைசன் கிழிந்த டிரம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான். "என் அப்பன் செத்தப்பக்கூட நான் இப்படி அழல" என்றான்.

அன்றைக்கே ஆற்றுக்குப் போனோம். முதலை இருக்கிறதா என்று இரண்டு கல் விட்டுப் பார்த்துவிட்டு, கெஃபாசியும் வெர்னனும் அவளை இடுப்பளவு தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். கரையில் இருந்தவர்கள் பாடிய பாட்டில் அக்கரைத் தோட்டத்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். நனைந்து வந்தவளுக்குப் போர்த்த, ஈஸ்டருக்கு வாங்கிய என் புதுத் துணியைக் கொடுத்தேன். இன்னும் திரும்பி வரவில்லை.

வெர்னன் பள்ளிக் கட்டணத்தைத் தான் கட்டுவதாகச் சொன்னார். எனெலெசி ஈரத் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் ஐயா. இப்ப வாங்கினா, பணத்துக்காகத்தான் டிரம்மை உடைச்சான்னு இவளே ஊரெல்லாம் சொல்லிட்டு வருவா" என்று என்னைக் காட்டினாள்.

சொல்லியிருப்பேன்தான்.

அவள் வேறு ஒன்று யோசித்து வைத்திருந்தாள். மறுநாள் வைசனையே கூப்பிட்டு அந்த டிரம்மை நெடுக்காக வெட்டி, உள்ளே தட்டு வைத்து, அடுப்பாக்கச் சொன்னாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெட்டினான். முதல் நாள் ரொட்டி அடியில் கரி, நடுவில் மாவு. சாப்பிட்டோம். இரண்டாவது வாரம் பரவாயில்லை. மூன்றாவது வாரம் தேயிலைத் தோட்டத்து அலுவலகத்திலிருந்து காலையில் ஐம்பது ரொட்டி சொல்லி அனுப்பினார்கள்.

ஊர் ஒரு மாதம் பொறுத்திருந்து பார்த்தது. புல்வேலி வழியாக நான் ஊருக்காகப் பார்த்தேன். காலையில் புகை வந்தது, ரொட்டி வாசனைதான் வந்தது. செப்டம்பரில் தியாமிகே தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மினிபஸ் ஏறினாள், கட்டணம் முழுதாக மடியில். எனெலெசி ரோட்டில் நின்று ஒரு குலவையிட்டாள். ஒருத்தி தனியாக அவ்வளவு சத்தம் போட முடியும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் தலைவர் கும்வெம்பே கெஃபாசி வீட்டு வாசலில் நின்றார். யாருக்கும் தெரியாமல் வந்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நோட்டுல என் பேர்ல அஞ்சு கை இருக்குமே" என்றார்.

"இருக்கு, தலைவரே."

"அஞ்சையும் அடிச்சிடு. இனிமே தூக்கினா ஒண்ணுதான் தூக்குவேன். எப்பன்னு யோசிச்சுச் சொல்றேன்."

நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். தலைவருக்குப் பின்னால் வைசன் நின்றான். அவனுக்குப் பின்னால் மாதர் சங்கத் தலைவி, ரவிக்கை கசங்காமல். மொத்தம் பதினொரு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ரொட்டி வாங்குகிறவர்கள் மாதிரி வரிசையாக. கெஃபாசி ஒவ்வொரு பெயராகத் தேடி அடித்துக்கொண்டிருந்தான், பேனா மை தீர்ந்து இன்னொன்று எடுத்தான். நான் கடைசி ஆளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.