ஐயாத்துரையின் எடை

பந்தல்குடியில் சிமெண்டுக் கடை வைத்திருந்த ஐயாத்துரை, பொய்ச் சாட்சி சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கிய அன்று எழுபத்திரண்டு கிலோ இருந்தார். அடுத்த ஆடியில் நானூற்றுப் பத்து. உடம்பு ஒரு சுற்றும் பெருக்கவில்லை, பழைய சட்டைகளே பொருந்தின. லாரி எடைமேடையில் நிற்க வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அவர் மகன் ஹரி குடித்துவிட்டு லோடு வண்டியை ஓட்டி, ரோட்டில் ஆடு பத்திப் போன சோலைச்சாமியை மோதிக் கொன்றிருந்தான். ஓட்டியது டிரைவர் விஜயபாண்டி என்று ஐயாத்துரை சத்தியம் செய்தார். வாக்குத் தவறாத வியாபாரி என்று பெயரெடுத்தவர், நீதிமன்றம் நம்பியது. விஜயபாண்டிக்கு இரண்டு வருடம் சிறை.

அவன் மனைவி அமுதவள்ளி நூல் மில்லுக்குப் போய் வீட்டைத் தாங்கினாள். ஆறாம் மாதம் மாமனார் சீனிச்சாமி செத்துப்போனார். இரண்டு போலீசாரோடு வந்த விஜயபாண்டி விலங்கு மாட்டிய கையாலேயே கொள்ளி வைத்தான். தலை முழுகக்கூட விடாமல் வேனில் ஏற்றினார்கள். அமுதவள்ளி அழவில்லை. அன்றைக்குக் கடித்த பல்லை அவள் பிறகு தளர்த்தவே இல்லை.

அதற்குள் ஐயாத்துரை உட்கார்ந்த நாற்காலிகள் முறிந்தன, கட்டில் உடைந்தது, கடைத் தரை பிளந்தது. மழை பெய்த ஒரு காலையில், கரிசல் காட்டுக்குள் முழங்கால் வரை புதைந்து புதைந்து அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் தாயி, மன்னிச்சிரு."

"எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்றீக? பொய்ய எங்க சொன்னீகளோ அங்க போயிச் சொல்லுங்க!" என்று கத்திக் கதவைச் சாத்தினாள்.

மறுநாளே அருப்புக்கோட்டைக்குப் போய், நீதிமன்றத்தின் மூன்று படிகளை உடைத்துக்கொண்டு ஏறி, உண்மையைச் சொன்னார். வழக்கு திரும்ப நடந்தது. விஜயபாண்டி விடுதலையானான், ஹரி உள்ளே போனான், ஐயாத்துரையும் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தார். வெளியே வந்தபோது இருநூற்று ஐந்து கிலோ. பாதி இறங்கிவிட்டது, மீதி அமுதவள்ளி வாயில் இருக்கிறது என்று ஊரே சொன்னது. ஐயாத்துரையின் மனைவி கோகிலாம்பாள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிட்டேன்னு ஒத்த வார்த்தை சொல்லிரும்மா" என்று அழுதாள். விஜயபாண்டியும், "சொல்லிரு புள்ள, போகட்டும்" என்றான்.

அமுதவள்ளி கையை உருவிக்கொண்டாள். "எம் மாமன் பொணத்துக்கு முன்னால இவுக விலங்கோட நின்னத இந்தக் கண்ணால பாத்தேன். எம் மனசு இன்னும் மன்னிக்கல. மன்னிச்சிட்டேன்னு இப்பச் சொன்னா அது பொய்யி. அந்தப் பொய்யோட எடைய நான் செமக்கணுமா?"

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. இப்போது ஐயாத்துரை திருச்சுழி பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் எதிர்ப்பக்கம் நாலு பேரை மாற்றி உட்கார வைத்துவிட்டு விசில் கொடுக்கிறார்.