புதன்கிழமை வந்த கோடி

"இன்னும் அரை மணி நேரம் பாக்கலாங்க" என்று மூன்றாம் முறையாகச் சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தில் உட்கார வந்த ஈயை விரட்டினாள் தேவிப்ரியா. பாடை கட்டி முடித்து ஒரு மணி நேரமாகிறது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து போர்த்தாமல் சாரதாமணியை எப்படித் தூக்குவது?

"உங்க மாமன் வரமாட்டான் சாமி. பேச்சு நின்னு இருவத்தேழு வருசமாச்சு" என்றார் காளியண்ணன் பெரியப்பா.

அண்ணன் சேலை இல்லாமலே அம்மா போய்விடுவாளோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது.

தடுப்பூசியும் வைட்டமின் மருந்தும் பிள்ளைகளுக்கு மொத்தத்தில் நல்லது செய்கின்றனவா என்று இருபத்தேழு வருஷத்துக்கு முன்பு ஓர் ஆய்வு நடந்தது. வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதுவது சாரதாமணியின் வேலை. அண்ணன் பச்சமுத்துவைக் கெஞ்சிக் கூத்தாடி அவர் மகன் கோகுல்ராஜையும் சேர்த்தாள். ஊசி போட்ட ஒன்பதாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு வலிப்பும் வந்துவிட்டது. இரண்டே நாளில் பிள்ளை தேறித் தவழ்ந்து கோழி விரட்டினான். அப்பன்தான் தேறவில்லை. "எம் பையன வெச்சா சோதன பண்ற?" என்று தங்கையை வாசலோடு அனுப்பினார்.

சாரதாமணி லேசுப்பட்டவளா? காய்ச்சல், வலிப்பு இரண்டையும் அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள். சொந்த அண்ணன் வீட்டு விஷயம், விட்டுவிடேன் என்றார் புருஷன். "நல்லத மட்டும் எழுதுனா உண்மை எப்படிங்க தெரியும்?" என்றாள். மருந்து நல்லதுதான் என்று கடைசியில் முடிவு வந்தபோதும் அண்ணன் மனம் இறங்கவில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பச்சமுத்து கோடிச் சேலையோடு இறங்கினார். பின்னால் கோகுல்ராஜ், வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம், தோளில் தன் குழந்தை.

பச்சமுத்து யாரையும் பார்க்காமல் சேலையை விரித்துத் தங்கைக்குப் போர்த்தினார். கோடி வந்துவிட்ட நன்றியில்தான் தேவிப்ரியாவுக்கு அன்றைக்கு முதல் அழுகை வந்தது.

காளியண்ணன் விடவில்லை. "விடியறதுக்குள்ளயே சொல்லி உட்டோம். இத்தன நேரமா?"

பச்சமுத்து தேவிப்ரியாவிடம்தான் பதில் சொன்னார். "இன்னைக்குப் புதன்கிழமை, ஊசி போடற நாளு சாமி. பேரனுக்கு ஒம்பது மாச ஊசி. இங்க வந்துட்டா தீட்டுன்னு அப்பறம் எங்கயும் போக உடமாட்டாங்க. ஊசி தள்ளிப்போனா உங்கம்மா மனசு கேக்குமா? போட்டுட்டு நேரா வாரோம்."

கோகுல்ராஜ் பாடை தூக்கப் போனான். குழந்தையை அவள் வாங்கிக்கொண்டாள். கடைவாயில் ஒட்டியிருந்த மஞ்சள் வைட்டமின் மருந்தை நாக்கால் துழாவியபடி அது அவளையே பார்த்தது.