தெருவில் தொய்ந்த பாவு

சேலம் அம்மாபேட்டையில் சுவாமிநாதன் வீட்டுப் பாவு, தறியில் ஏற்றும் முன் கஞ்சி போட விரிக்கும் நீள நூல் வரிசை, தெருவில் தொய்ந்ததாக யாரும் சொன்னதில்லை. முளையில் கட்டிய கயிற்றைச் சுண்டினால் அதிர வேண்டும். அந்த வீட்டின் மரியாதையே அந்த விறைப்பில்தான் இருந்தது.

மகள் சாரதாமணிக்கு ராசிபுரத்தில் சம்பந்தம் முடிவாகியிருந்தது. சம்பந்தி வீட்டுப் பெண்களுக்குச் சீர்த்தட்டில் வைக்கும் புடவை பெண் வீட்டுத் தறியில் நெய்ததாக இருக்க வேண்டும். அவர்களோ மினுக்கும் ஜப்பான் பட்டில் கேட்டார்கள். வாழ்நாளெல்லாம் பருத்தி நெய்த சுவாமிநாதன் சம்பந்தம் பேசிய சபையில் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார். இனிக் கடைப்புடவையை வாங்கித் தட்டில் வைத்தால் அவர் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"நெய்றது பெரிசில்லீங்க மாமா, கஞ்சி போடறப்பத்தான் பாத்துக்கணும்" என்றான் மைத்துனன் பாலசுந்தரம். சென்னையில் ரசாயனம் படித்துவிட்டுச் சாயக் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவன் அவன்; விளக்கத் தொடங்கினான்.

"பேருதான் பட்டு. பருத்தியும் இதுவும் ஒரே சரக்குங்க. கண்ணுக்குத் தெரியாத துணுக்குங்க ஆயிரக்கணக்குல கைகோத்து நீளச் சங்கிலியா நிக்கும். பாலிமர்ம்பாங்க. பருத்தி, பட்டு, ரப்பர் எல்லாம் இயற்கையே கோத்தது. மரக்கூழைக் காரத்துல கரைச்சு மறுபடி இழையா இழுத்தா இந்த நூலு. அக்காவோட செல்லுலாய்டு சீப்பும் மனுசன் மாத்துனதுதான், வெந்நீர்ல போட்டா வளையும். மனுசனே அடியிலேருந்து கோத்தது பேக்லைட்டு, விளக்கு சுவிச்சுல இருக்கே அது. ஒருக்கா இறுகிட்டா எந்தச் சூட்டுக்கும் இளகாது."

"உங்க மாமாவாட்டம்னு சொல்லுடா" என்று உள்ளிருந்து அவன் அக்கா சுப்பம்மாள் குரல் கொடுத்தாள். கணவர் சிரிக்கவில்லை.

பாலசுந்தரம் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "மரக்கூழைக் கரைக்கிறப்ப சங்கிலி அறுந்து குட்டையாயிடுதுங்க. தண்ணி நடுவுல பூந்தா ஒண்ணையொண்ணு புடிச்ச புடி விட்டுப்போகும். பருத்தி நனைஞ்சா பலம் கூடும், இது பாதியாயிடும். ஈரத்துல இழுக்காதீங்க."

"நூலைப் பத்தி எனக்கே சொல்றியா, மாப்ளே?"

மறுநாள் காலை தெருவில் பாவு விரிந்தது. மணமகனின் சித்தப்பா சென்னிமலை வேறு வேலையாகச் சேலம் வந்தவர், பார்க்க வந்து நின்றார். சுவாமிநாதன் வழக்கம்போல் கயிற்றை விறைக்கக் கட்டி, கஞ்சியைத் தாராளமாகத் தடவச் சொன்னார். பாதிப் பாவு நனைவதற்குள் இழைகள் தொங்கின. அவர் கை பழக்கத்தில் கயிற்றை இன்னும் இறுக்கியது. கொத்தாக அறுந்தன.

"என்னங்க சம்பந்தி, பாவுன்னு நெனச்சேன், மீன் வலையாட்டம் இருக்குது!" என்றார் சென்னிமலை. தெருவே சிரித்தது.

"கயித்தை இளக்குங்க மாமா" என்று பாலசுந்தரம் காதருகே வந்து சொன்னான். "காஞ்சா பலம் திரும்பிடும். இப்ப இழுத்தா இழை நீண்டு அப்படியே நின்னுடும், மினுக்கும் கெடும்."

சம்பந்தி பார்க்க, தன் பாவைத் தானே தொய்யவிடுவதா? முடிச்சில் கை வைக்க வந்த ஆளை விலக்கிவிட்டுச் சுவாமிநாதன் தாமே முளைக்குப் போய் அவிழ்த்தார். பாவு நடுவில் தணிந்து இறங்கியது.

எதிர் வீட்டுக் குப்பாயி, "அண்ணன் ஊட்டுப் பாவா இது!" என்றாள்.

"என் பாவுதான்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

அறுந்த இழைகளை உட்கார்ந்து முடிந்தார். வெயில் ஏறியது. சென்னிமலையும் போகவில்லை. காய்ந்த இழை ஒன்றைச் சுவாமிநாதன் விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தபோது அது தாங்கியது. பிறகுதான் அவர் கயிற்றை மெல்ல இறுக்கினார்.

"நெசவு ஆயிடுமுங்களா?" என்றார் சென்னிமலை. இப்போது குரலில் கேலி இல்லை.

"ஆயிடும். ஆனா உங்க ஊட்டுப் பொம்பளைங்ககிட்டச் சொல்லிடுங்க. ஈரத்துல கல்லுல அடிக்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. மீறிக் கிழிஞ்சா என் தறியைக் குத்தம் சொல்லக் கூடாது."

"தட்டு வைக்கிறப்ப இதெல்லாம் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"சபையில ஆகட்டும்னு சொன்னவன் நான். இதையும் சபையிலதான் சொல்லுவேன்."